ஒரே ஒரு குப்பி

எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் பிடிக்காத நிறம் இளஞ்சிவப்பு. குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் ஆகாது. அதனால் வளர்ப்பு ஊடகத்தில் ரெசசூரின் என்ற சாயத்தைத் துளி கலந்து வைப்போம். காற்று புகாதவரை நிறமில்லாமல் கிடக்கும், புகுந்தால் சிவக்கும். சிவந்தால் அன்றைய வேலை போச்சு.

நைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, கொஞ்சம் ஹைட்ரஜன் நிரப்பிய சேம்பருக்குள், கனத்த கையுறை வழியாகக் கையை விட்டு, குண்டூசித் தலை அளவுக்கு பாக்டீரியா திரண்ட காலனியைத் தொட்டு எடுப்பதற்குள் தோள்பட்டை வலித்துவிடும். அப்படி எடுத்ததிலும் முக்கால்வாசி ஏற்கெனவே பெயர் வைத்தவைதான். பாக்டீரியாவை அடையாளம் காண உதவும், சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள 16எஸ் மரபணுவை வாசித்துத் தரவுத்தளத்தில் தேடினால், தெரிந்த இனத்தோடு ஒற்றுமை 99.8, 99.6 சதவீதம் என்றே வரும். 98.7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான், புதிய இனமோ என்று நிமிர்ந்து உட்காருவோம். அதுவும் சந்தேகம் மட்டுமே. அப்புறம் முழு மரபணுத் தொகுதியையும் ஒப்பிட வேண்டும். அங்கே எல்லைக்கோடு 95-96 சதவீதம்.

ஒரு நாள் 96.2 வந்தது. வெளிறிய, ஓரம் சீரில்லாத, ஒன்பது நாள் எடுத்து வளர்ந்த காலனி. இரண்டு பாக்டீரியா கலந்திருந்தாலும் இப்படி ஏமாற்றும் என்பதால் மறுபடி வாசித்தோம். அதே 96.2. மதியமே மனதுக்குள் லத்தீன் பெயர் தேட ஆரம்பித்துவிட்டேன். 2004-இல் பெயர் பெற்ற அக்கர்மான்சியா மியூசினிபிலாவில் ஒரு நுண்ணுயிரியலாளரின் பெயரும் இருக்கிறது, குடல் சளியை விரும்பும் குணமும் இருக்கிறது. எனக்கும் அப்படி ஒன்று சிக்காதா என்ற ஆசை.

அதை ஒரே ஒரு குப்பியில் உறைய வைத்தது நான்தான். உறையும்போது செல்களைக் காக்கும் கிளிசராலை முந்தின நாளே சேம்பருக்குள் வைத்து ஆக்சிஜனைப் போக்கியிருக்க வேண்டும். அவசரத்தில் வெளியே இருந்ததை எடுத்து ஊற்றினேன். சிவந்து காட்டிக்கொடுக்க அதில் சாயமும் இல்லை. மூன்று வாரம் கழித்து உருக்கித் தட்டில் தேய்த்தால், ஒன்றும் வளரவில்லை.

புதிய இனம் என்று முறைப்படி அறிவிக்க, உயிருள்ள வளர்ப்பை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால், 2022-இல் வந்த சீக்கோடு என்ற பெயரிடல் விதிகளின்படி மரபணுத் தொகுதியை வைத்தே பெயர் சூட்டலாம். எங்களிடம் இருந்ததோ அந்த 1,500 எழுத்து மட்டும். அந்தக் காலனி கிடைத்த மாதிரியில் மீதி இருந்ததை வைத்து நாற்பது வளர்ப்புத் தட்டு போட்டுப் பார்த்தோம். வரவில்லை.

இப்போதெல்லாம் மூன்று குப்பிகளாகப் பிரித்து வைத்து, ஒன்றை ஒரே வாரத்தில் எழுப்பிப் பார்த்துவிடுகிறேன். பழைய குப்பி மைனஸ் 80 பெட்டியில்தான் இருக்கிறது, மூடியில் என் கையெழுத்தோடு. பெட்டியைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் கையில் எடுக்கிறேன். திரும்ப அங்கேயே வைத்துவிடுகிறேன்.