விடிஞ்சாச்சா, சிஸ்டர்?

1997-ல் நர்ஸ் வேலையில் சேர்ந்தேன். அன்றிலிருந்து டிசம்பர் 31 இரவு நான் சபையில் இருந்த வருடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் குமரி மாவட்டத்துச் சபையில் புதுவருட ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்போம், அந்த வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டை. எனக்கு உள்ளதை அம்மாதான் எடுத்து வைப்பாள். நைட் டூட்டி முடிந்து வாசல்படி ஏறும்போதே, "இந்தா மக்ளே, உனக்கு வந்தது" என்று நீட்டுவாள்.

முதல் வருடம் வந்தது வேதாகமப் பாடல்களில் 121-ஆம் சங்கீதம்: "உன்னைக் காக்கிறவர் உறங்கார்." கண் இழுக்கும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் அதுதான் எனக்குத் துணை. ஊசி மருந்தின் லேபிளை மூன்று தடவை பார்ப்பேன், அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லிக்கொள்வேன். கை நடுக்கம் நிற்கும்.

2021 மே மாதம் அந்த வசனம் என் வாயில் வரவில்லை. கவச உடையின் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டு திரிந்த நாட்கள் அவை. ஒரு பெரியவர் தன் மனைவியிடம் பேச வேண்டும் என்றார். போனைப் பிடித்துக் காட்டினேன். ஆக்சிஜன் இரைச்சலில் அந்த அம்மா சொன்னது அவருக்குக் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். விடியுமுன் போய்விட்டார். உறங்காதவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார் என்று கோபமாகவே ஜெபித்தேன். அதை ஜெபம் என்று சொல்ல இன்றும் எனக்குத் தயக்கமில்லை. சங்கீதங்களில் அதைவிடக் கசந்த வார்த்தைகள் இருக்கின்றன. 88-ஆம் சங்கீதம் ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது.

வேதாகமத்தில் 120 முதல் 134 வரை பதினைந்தும் ஆரோகண சங்கீதங்கள், எருசலேமுக்கு ஏறிப்போகிறவர்கள் வழியில் பாடியவை என்பார்கள். 121-ஐத் திறக்க மனமில்லாமல் பக்கம் தள்ளிய ஒருநாள் 130-ல் கண் நின்றது. விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரை, அதாவது இராக்காவல்காரரைப் பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது என்று அதில் வருகிறது. எத்தனையோ முறை வாசித்ததுதான். அன்றைக்குத்தான் அந்த ஜாமக்காரர் யாரென்று தெரிந்தது. வார்டில் ராத்திரி முழுக்க என்னிடம் கேட்கப்படுகிற கேள்வி நோயைப் பற்றியதே அல்ல. "விடிஞ்சாச்சா, சிஸ்டர்?" அவ்வளவுதான். "நாலரை ஆச்சு அய்யா, இன்னும் கொஞ்ச நேரந்தான்" என்று கையைப் பிடித்துக்கொள்வேன். விடியலைச் சீக்கிரம் வரவைக்க என்னால் முடியாது. பக்கத்தில் நிற்க முடியும். ராத்திரி சின்னது என்று அந்தச் சங்கீதமும் சொல்லவில்லை. இருபது வயதில் இது எனக்குப் போதாமல் இருந்திருக்கும். அப்போது கேட்டது பாதுகாப்பு. இப்போது கேட்பது கூட ஒருவர் விழித்திருப்பது.

இப்போது நைட் டூட்டி வீட்டில்தான். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, தூக்கம் நிற்பதில்லை. மூன்று மணிக்குக் கூப்பிடுவாள்: "மக்ளே, விடிஞ்சாச்சா?"

போன புதுவருட ஆராதனைக்கு அவளால் வர முடியவில்லை. நான்தான் போய் இரண்டு அட்டை எடுத்தேன். திரும்பி வந்தபோது கட்டிலில் உட்கார்ந்து விழித்துக்கொண்டிருந்தாள். கையில் கொடுத்தேன். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள், எழுத்து தெரியவில்லை. வாங்கி வாசித்துக் காட்டினேன்.

"இன்னொருக்க வாசி" என்றாள்.