புனல் மேகம் படமெடுத்தல்: எது சரிப்பட்டது, எது சொதப்பியது

புனல் மேகம் என்பது புயல் மேகத்தின் அடியிலிருந்து சுழன்றபடி இறங்கும் புனல் (funnel) வடிவ மேகம்; அந்தச் சுழற்சி தரையைத் தொட்டால் அது டொர்னாடோ. இடம் அமெரிக்காவின் கான்சாஸ், ஓக்லஹோமா சமவெளி. பருவம் மே. புயல் பெரும்பாலும் வடகிழக்காக நகரும் என்பதால், அதற்குத் தென்கிழக்கில் நின்று வடமேற்கே பார்ப்பதுதான் வாட்டம். மழைத்திரை குறுக்கே வராது, பின்னால் வெளிச்சம் இருந்தால் புனல் கறுப்பாக எடுப்பாகத் தெரியும்.

அதிகம் ஏமாற்றுவது கிழிந்த துணிபோல் அடியில் தொங்கும் மேகத் துண்டுகள்தான். ஒரு நிமிடம் பொறுத்து, ஒரே ஒரு இழையை மட்டும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்து ஓரம் இடமிருந்து வலமாகவும், அந்தப் பக்கத்து ஓரம் வலமிருந்து இடமாகவும் ஓடினால் சுழற்சி உண்மை. வெறுமனே மேலே ஏறிக் கலைந்தால் அது புனல் அல்ல. இன்னொன்று: புனல் பாதியில் நின்றாலும் நேர் கீழே தரையில் புழுதி சுழன்றால் அது டொர்னாடோதான். அதனால் ஃபிரேமில் தரையை வெட்டக்கூடாது.

ஆட்டோஃபோகஸை நம்பிய படங்கள் பாதி வீண். சாம்பல் மேகத்தில் லென்ஸ் பிடித்துக்கொள்ள விளிம்பே கிடையாது; முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். தொலைவிலுள்ள மின்கம்பம் அல்லது தானியக் கிடங்கில் ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தில் டேப் ஒட்டியதும் தொல்லை தீர்ந்தது. லென்ஸிலுள்ள முடிவிலிக் குறி (∞, மிகத் தொலைவுக்கான குறி) வரை திருப்பிவிடுவது சரிவராது. பல லென்ஸ்கள் அதைத் தாண்டியும் திரும்பும். ஜூம் மாற்றினால் ஃபோகஸையும் மறுபடி பார்க்க வேண்டும்.

ஷட்டர் 1/250, எஃப் 5.6, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 400-இல் தொடங்கி, இருட்ட இருட்ட ஐஎஸ்ஓவை ஏற்றலாம். இருண்ட மேகம் ஃபிரேமை நிரப்பினால் கேமரா வெளிச்சத்தைக் கூட்டி, பின்னாலுள்ள வானத்தை வெளுத்துவிடும். அதற்கு ஈடாக மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒளி அளவின் படி) குறைத்து, ரா ஃபைலாக (கேமரா பதிவு செய்த மூலத் தரவாக) எடுப்பது நல்லது.

ஏசி காரிலிருந்து இறக்கிய லென்ஸ், மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று பட்டதும் பனிபோர்த்துவிடும். துடைத்தால் மறுபடி வரும். நிறுத்துமிடத்துக்குப் பத்து நிமிடம் முன்பே ஜன்னலைத் திறந்து கேமராவைப் பழக்குவதே வழி. புயல் உள்ளிழுக்கும் காற்றில் ட்ரைபாட் ஆடும். நடுத்தண்டை உயர்த்தவே வேண்டாம். பை தொங்கவிடுவதானால் அது தரையைத் தொட வேண்டும், இல்லையேல் ஊசலாடி இன்னும் கெடுக்கும்.

ரேடார் படம் சில நிமிடம் பழையது. மணிக்கு 50 கி.மீ. வேகப் புயல் ஐந்து நிமிடத்தில் 4 கி.மீ. கடந்துவிடும். கம்பத்தோடு ஒப்பிடும்போது புனல் இடமும் வலமும் நகராமல் பெரிதாகிக்கொண்டே போனால் அது நம்மை நோக்கியே வருகிறது. படம் போதும், கிளம்ப வேண்டும். 2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரெனோ ஊரருகே வந்த டொர்னாடோ சுமார் 4.2 கி.மீ. அகலத்துக்கு விரிந்து, திசையும் வேகமும் மாறியது. புயலைத் துரத்தி ஆராய்வதில் அனுபவசாலிகளான டிம் சமராஸ், அவர் மகன் பால், கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். காரைத் தப்பும் திசை நோக்கி, தார்ச்சாலையில்தான் நிறுத்த வேண்டும். மண் சாலை மழையில் சேறாகி டயரை விடாது.

எடிட்டிங்கில் மங்கலை நீக்கும் ‘டீஹேஸ்’ அளவு பத்து, பதினைந்துக்கு மேல் வேண்டாம். கூட்டினால் கிழிசல் மேகமும் புனல்போலத் தெரியும்.