முதலில் எது அறுந்தால் பரவாயில்லை?

2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்த ஜூன் மாதம் மறக்காது. புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் என்று நான்கு ஏரியும் தரை தெரியக் கிடந்தன. தெருவில் தண்ணீர் லாரி வந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓட வேண்டும். அந்த நேரத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வெட்டி வேலை, வழக்கமாகத் தூண்டில் போடும் ஏரிக்குள் இறங்கி நடந்தது. ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன், தாம்பரத்துக்குத் தெற்கே என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் கரையில் நின்று குருட்டாம்போக்கில் வீசிய இடம் எல்லாம் காலடியில் வெடித்துக் கிடந்தது.

இரண்டு விஷயம் பார்த்தேன். ஒன்று, ஓரத்து மண்ணில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்ட வட்டமாகப் பள்ளங்கள், ஒன்றை ஒட்டி ஒன்று. ஆண் ஜிலேபிக் கெண்டை தோண்டியவை. அது பள்ளம் தோண்டிக் காவல் இருக்கும், பெண் வந்து முட்டையிட்டு அதை வாயில் அள்ளிக்கொண்டு போய்விடும். இன்னொன்று, வழக்கமாகத் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் சீமைக்கருவேல அடிமரங்கள். அதில் தோரணம் மாதிரி தங்கூசி, அதாவது தூண்டில் நரம்பு, தொங்கியது. வெள்ளை, பச்சை, நீலம், பத்து வருஷத்துக் குப்பை. ஒரு மரத்தில் ஆரஞ்சுத் தக்கை ஒன்று, மேலே தங்கச்சியின் நகப்பூச்சால் போட்ட சிவப்புப் புள்ளியோடு. என்னுடையதேதான்! அதோடு சேர்ந்து எப்படியும் முப்பது அடி நரம்பு. பக்கத்துக் கிளையில் ஒரு நீர்க்காகத்தின் காய்ந்த கால் நரம்பில் சுற்றிக் கிடந்தது. அது என் நரம்பில் இல்லை. ஆனால் இருந்திருக்கலாம்.

அந்த நரம்பு ஏன் அங்கே போனது என்பதுதான் இந்தப் பதிவு. பாசியும் முள்ளும் மண்டிய இடத்தில் பெரிய ஜிலேபி பிடிக்க எந்தக் கம்பு, எந்த நரம்பு என்று அடிக்கடி கேட்கிறார்கள், நானும் ஒவ்வொருவருக்கும் வாட்ஸப்பில் துண்டு துண்டாகச் சொல்லிச் சலித்துவிட்டேன்.

முதலில் என் முட்டாள்தனம். சின்ன வாய், சின்ன மீன், அப்படியென்றால் சின்னக் கம்பு என்று கணக்குப் போட்டு, ஐந்தரை அடி அல்ட்ராலைட் கம்பும் 4 பவுண்டு இழுவை தாங்கும் நைலான் நரம்பும் வாங்கினேன். வீடியோவில் மீன் பிடித்துக் காட்டும்போது கம்பு வில்லாக வளைந்து அழகாக இருக்கும். அது திறந்த தண்ணீர் என்பதைக் கவனிக்கவில்லை. முதல் நாள் காலையிலேயே மூன்று நல்ல ஜிலேபி மாட்டி, மூன்றும் ஆகாயத்தாமரை வேருக்குள் போய் நின்றுகொண்டன. கம்பு அழகாக வளைந்தது. மீன் வரவில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர். பதினான்கு அடி மூங்கில் கம்பு, நுனியில் கம்பு நீளத்துக்கே கட்டிய நரம்பு, நரம்பு சுற்றும் ரீல் கிடையாது. ஆகாயத்தாமரைக்கு நடுவே வாளி அளவு இடைவெளியில் மண்புழுவைச் செங்குத்தாக இறக்குவார், தக்கை சாய்ந்தால் அதே வழியில் மேலே தூக்கிவிடுவார். மூன்றாவது மீனும் போனபோது அவர் என்னைப் பார்த்து, "தம்பி, மீனோட வெளையாட வந்தியா, மீன் புடிக்க வந்தியா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. "அது திரும்பறதுக்குள்ள தலைய மேல எடுத்துரணும். திரும்பிட்டா அது ஊடு, அது ஊட்டுக்குள்ள நீ இழுத்து ஜெயிக்க முடியாது."

விஷயம் மொத்தமும் இதுதான். ஜிலேபி தட்டையான மீன், பக்கவாட்டில் திரும்பி உடம்பை முறம் மாதிரி காட்டினால் முக்கால் கிலோ மீன் இரண்டு கிலோ போல இழுக்கும். தூண்டில் முள் மாட்டிய முதல் இரண்டு மூன்று வினாடிக்குள் தலையை மேலே திருப்பிவிட்டால் அது சறுக்கிக்கொண்டு வரும்.

என் சித்தப்பா பையன் அமெரிக்காவில் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் இருக்கிறான். அங்கே இவனுக்கு ஜிலேபி கிடைக்காத குறைக்கு சன்ஃபிஷ், அதிலும் ப்ளூகில். அந்த ஊர்க்காரர்கள் அதை 'ப்ரிம்' என்கிறார்கள். அதுவும் தட்டை உடம்பு, சின்ன வாய், ஆண் மீன் ஓரத்தில் கூட்டமாகப் பள்ளம் பறிக்கும், அல்லி இலைக்கடியில் ஒளியும். ஒரே வித்தியாசம், முட்டை பள்ளத்திலேயே இருக்கும், வாய்க்குள் போகாது. உலகச் சாதனை ப்ளூகில் அவன் ஊர்ப் பக்கம் கெடோனா ஏரியில் 1950இல் பிடிபட்டது, 4 பவுண்டு 12 அவுன்ஸ், நம் கணக்கில் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். "அண்ணா, எங்க ஊர் ரெக்கார்டு எழுபது வருஷமா அசையல" என்று ஏதோ இவனே பிடித்த மாதிரி பெருமை. நத்தையை உடைத்துத் தின்னும் ரெட்இயர் என்ற இன்னொரு சன்ஃபிஷ் 2014இல் அரிசோனாவில் 5 பவுண்டு 12 அவுன்ஸைத் தாண்டியது என்று நான் சொன்னால் பேச்சை மாற்றுவான்.

அவனும் என் தவறையே செய்துவிட்டுத்தான் திருந்தினான். அங்கேயும் பழைய ஆட்கள் மூங்கில் கழிதான் வைத்திருந்தார்களாம், இப்போது பத்துப் பன்னிரண்டு அடிக் கார்பன் கம்பில் அல்லி இலைகளுக்கு இடையில் ஜிக்கை, அதாவது ஈயத் தலை வைத்த முள்ளை, நேரே கீழே இறக்குகிறார்கள். ஆக, பெரியவரும் அலபாமாக்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

சரி, கம்பு. கடையில் கம்பின் மேல் எழுதியிருக்கும் இரண்டு சங்கதியைக் குழப்பிக்கொள்கிறோம். பவர் என்பது கம்பை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது, அல்ட்ராலைட், லைட், மீடியம் லைட் என்று போகும். ஆக்‌ஷன் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும் வளையும், மாடரேட் என்றால் பாதிக்கம்பு வரை வளையும். பாசிக்குள் போட நுனி மெல்லிசாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஜிலேபி புழுவை முழுங்காது, உதட்டில் வைத்து உமிழ்ந்து பார்க்கும். ஒரு கிராம், இரண்டு கிராம் ஜிக்கை வீசவும் மெல்லிய நுனி வேண்டும். ஆனால் நுனியிலிருந்து ஒரு முழம் தாண்டியதும் கம்பு 'இனி வளைய மாட்டேன்' என்று சொல்ல வேண்டும். அதனால் என் தேர்வு ஏழு அடி, லைட் அல்லது மீடியம் லைட், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். மெல்லிய கம்பு வேறு, தொளதொளத்த கம்பு வேறு.

நீளம் எதற்கு? ஐந்தரை அடியில் மீன் பாசியின் மேலாக வராது, பாசியைக் கிழித்துக்கொண்டுதான் வரும். நீளக்கம்பு நரம்பை உயரத்தில் வைக்கும், மீனின் தலை மேல் நோக்கும். எட்டு, ஒன்பது அடி இன்னும் நல்லது, ஆனால் பைக்கில் ஜி.எஸ்.டி. ரோட்டில் கொண்டுபோய்ப் பாருங்கள், தெரியும். இரண்டு துண்டாகக் கழற்றுகிற மாதிரி வாங்கிவிடுங்கள். இழுத்து நீட்டும் டெலஸ்கோப் கம்பு வேண்டவே வேண்டாம், முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் அதற்கு மூட்டு. கார்பன் கம்பில் மின்சாரம் பாயும் என்பதையும் ஞாபகம் வையுங்கள், கரை மேல் கம்பி போகும் இடங்களில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். இன்னொன்று, மீனைக் கரையேற்றும்போது கம்பைத் தலைக்குப் பின்னால் சாய்க்க வேண்டாம். மொத்தப் பளுவும் நுனிக்குப் போய் டக்கென்று முறியும். நரம்பைக் கையால் பிடித்துத் தூக்கினால் போதும்.

நரம்பில்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

நைலான் நீளும். திறந்த தண்ணீரில் அது வரம், மீன் உதறினால் தாங்கிக்கொள்ளும். பாசி ஓரத்தில் அதே குணம் சாபம். பத்து மீட்டர் நரம்பு அரை மீட்டர் நீண்டால் அந்த அரை மீட்டர் மீன் வீட்டுக்குள் போக நீங்கள் கொடுத்த வழி. பின்னல் நரம்பு, அதாவது பிரெய்ட், கிட்டத்தட்ட நீளவே நீளாது. பத்துப் பவுண்டு பிரெய்ட் மூன்று பவுண்டு நைலான் அளவுக்கு ஒல்லி, அதனால் ஒரு கிராம் ஜிக்கும் பறக்கும். இழுத்தால் ஆகாயத்தாமரையின் சதைப்பற்றுள்ள காம்பை, அல்லித் தண்டை அறுத்துக்கொண்டு வந்துவிடும். தண்ணீரில் மிதக்கும் என்பதால் பாசி மேலேயே கிடக்கும். ஆகவே ஆகாயத்தாமரை, அல்லி, வேலம்பாசி என்றால் கண்ணை மூடிக்கொண்டு 10 பவுண்டு பிரெய்ட். பிரெய்ட் தடிமனைச் சொல்லும் பி.ஈ. எண்ணில் பார்ப்பவர்கள் 0.8 என்று எடுங்கள், கிட்டத்தட்ட 0.15 மில்லிமீட்டர்.

ஆனால் கருவேலங்கட்டை இருக்கும் இடத்தில் பிரெய்ட்டை எடுக்காதீர்கள். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பின்னல் நரம்பு மரப்பட்டைக்குள் ரம்பம் மாதிரி இறங்கி மாட்டிக்கொள்ளும், மேலும் சொரசொரப்பில் உரசினால் இழை இழையாகப் பிய்யும். தடித்த நைலான் பட்டை மேல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மரமும் முள்ளும் உள்ள இடத்துக்கு 8 பவுண்டு நைலான், கொஞ்சம் கரடுமுரடானதே நல்லது. வீசும் தூரம் குறையும், குறையட்டும், நீங்கள் வீசப்போவது கரையோரம் பத்தடி. அதற்காக நான் இரண்டு ஸ்பூல், அதாவது ரீலில் மாட்டும் நரம்பு உருளை, வைத்திருக்கிறேன், ரீல் ஒன்றுதான், 2000 அளவு. காசிமேட்டுப் பக்கம் வலை, கயிறு விற்கும் கடைகளில் நல்ல நைலான் கிடைக்கும், ஆனால் எவ்வளவு நாள் வெயிலில் தொங்கியது என்று பார்த்து வாங்குங்கள். வெயில் நைலானைக் கொல்லும். மொட்டைமாடியில் கம்பைச் சாத்தி வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் வருஷா வருஷம் நரம்பை மாற்றிவிடுங்கள்.

ஃப்ளோரோகார்பன் என்று இன்னொரு வகை நரம்பு, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது என்று விற்கிறார்கள். ஒளி வளையும் விதத்தில் நைலானைவிடத் தண்ணீருக்கு நெருக்கம், அவ்வளவுதான், மாயம் ஒன்றும் இல்லை. காப்பி நிறத்தில் இருக்கும் நம் ஏரித் தண்ணீரில் நான் அதை அதற்காகக் கட்டுவதில்லை. பிரெய்ட் நுனியில் ஒன்றரை அடிக்கு 6 பவுண்டு ஃப்ளோரோ கட்டுகிறேன், உரசலைத் தாங்கும் என்பது ஒன்று. இன்னொரு காரணம்தான் முக்கியம்.

எங்கேயாவது மாட்டித்தான் தீரும். அப்போது எது முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கடையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். முதலில் முள். மெல்லிய கம்பியில் செய்த நீளக்கால் முள், எட்டாம் நம்பர். நேராக இழுத்தால் விரிந்துகொண்டு வெளியே வந்துவிடும், இடுக்கியால் திரும்ப வளைத்து இன்னும் ஒருமுறை போடலாம். முள் விரியாவிட்டால் அந்த ஒன்றரை அடி ஃப்ளோரோ அறும். பிரெய்ட் மட்டும் அறுந்துவிடக் கூடாது. மாட்டிக்கொண்டால் கம்பால் இழுக்க வேண்டாம், அது கம்பை உடைக்கும் சுருக்கு வழி. கம்பை நரம்பின் திசைக்கே நீட்டி, நரம்பை ஒரு குச்சியில் சுற்றிக்கொண்டு பின்னால் நடங்கள். விரலில் சுற்றினால் விரல் போகும். நைலான் ஸ்பூலிலும் இதே கணக்கு, 8 பவுண்டுக்கு 6 பவுண்டில் ஒரு துண்டு. என் பழைய முறையில் முள் தடிமன், நரம்பு ஒல்லி. ஒவ்வொரு தடவையும் கைப்பக்கம் அறுந்தது, முப்பது அடி ஏரிக்குள் போனது, தக்கையோடு.

மெல்லிய முள் மீனுக்கும் விரியாதா என்று கேட்பார்கள். மீன் இழுக்கும்போது கம்பு வளைந்து பாதியை வாங்கிக்கொள்கிறது, கட்டை மாதிரி அசையாமல் நிற்பதில்லை. இத்தனை வருஷத்தில் ஜிலேபிக்கு எனக்கு இரண்டு முள் விரிந்திருக்கிறது. விராலுக்கு நிறைய, ஆனால் விரால் வந்தால் அது வேறு கதை, அதற்கு இந்தக் கம்பே கிடையாது.

டிராக் எப்படி? ரீல் விடும் பிடியை நரம்பு பலத்தில் கால்வாசி, மூன்றில் ஒன்று என்று வைப்பது திறந்த தண்ணீர் வழக்கம். இங்கே கிட்டத்தட்ட இறுக்கி வைக்கிறேன். முடிச்சு எதுவோ உங்களுக்குக் கண்ணை மூடினாலும் வரும் முடிச்சைப் போடுங்கள், நான் முள்ளுக்குப் பாலோமர், இரண்டு நரம்பை இணைக்க டபுள் யூனி. இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள், காய்ந்து இறுக்கினால் சூடேறி அங்கேயே அறும்.

போன தை மாதம் மழைத்தண்ணீர் தெளிந்திருந்தது. பெரியவர் அதே இடத்தில் அதே மூங்கிலோடு. என் ஏழடிக் கம்பை வாங்கி உள்ளங்கையில் எடை பார்த்துவிட்டு, "இது நெறைய ரூவாயா?" என்றார். பாதியைக் குறைத்துச் சொன்னேன். "குடு ஒருவாட்டி." தாமரைச் சந்தில் புழுவை இறக்கினார். தக்கை இரண்டு முறை நடுங்கிச் சாய்ந்தது. ரீலைத் தொடவே இல்லை. கம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு எட்டு பின்னால் நடந்தார், அவ்வளவுதான், உள்ளங்கையை விரித்த மாதிரி ஒரு ஜிலேபி கரைப்புல்லில் கிடந்து துள்ளியது. "பரவால்ல," என்று கம்பைத் திருப்பிக் கொடுத்தார், "ஆனா அந்தச் சக்கரம் எதுக்கு?"