லண்டனில் இறங்கி சூரிக்கில் ஏறுங்கள்

லண்டனில் அக்கா மகள், பாரிஸில் சித்தப்பா பையன், ஜெர்மனியில் சொந்த மகன், சூரிக்கில் கல்லூரி நண்பர். பணி ஓய்வு பெற்ற தம்பதி ஐரோப்பாவுக்குக் கிளம்பினால் பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். எல்லோரும் "முதல்ல எங்க வீட்டுக்குத்தான் வரணும்" என்பார்கள். உறவின் நெருக்கத்தைப் பார்த்து வரிசை போட்டால் விசாவில் சிக்கல் வரும். விசாவைப் பார்த்து வரிசையைப் போட்டுவிட்டு, மனத்தாங்கலைப் பிறகு சமாளித்துக்கொள்வதே நல்லது.

ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு; அந்த விசா 29 நாடுகளுக்குச் செல்லும். சூரிக் இருக்கும் சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. பிரிட்டன் இல்லை. முதல்முறை போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒருமுறை நுழைவுதான் கிடைக்கும். பாஸ்போர்ட்டில் ஒட்டித் தரும் விசா ஸ்டிக்கரில் 01 என்று இருக்கும். அதை வைத்துக்கொண்டு பாரிஸ் போய், நடுவில் லண்டனுக்கு எட்டிப்பார்த்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்ப முடியாது. லண்டன் ரயிலில் ஏறியதுமே அந்த விசா முடிந்துவிடும். அதனால் லண்டனை முதலிலோ கடைசியிலோ வையுங்கள். முதலில் வைப்பது எனக்கு வசதியாகப் படுகிறது: சென்னையிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேரடி விமானம் இருக்கிறது, பிறகு பாரிஸ், ஜெர்மனி, சூரிக் என்று ரயிலிலேயே இறங்கிக்கொண்டே போகலாம். டிக்கெட் எடுக்கும்போது 'போய்வர' என்பதை விட்டுவிட்டு 'மல்டி சிட்டி'யைத் தேர்ந்தெடுத்தால் லண்டன் போய் சூரிக்கிலிருந்து திரும்பலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று லண்டனுக்கே போய்வர டிக்கெட் எடுத்தால், மிச்சம் பிடித்த பணம் திரும்ப லண்டன் வருவதற்கே சரியாகிவிடும்.

எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. அதிக நாள் தங்கும் ஷெங்கன் நாடு எதுவோ அங்கே. நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பாரிஸ் ஐந்து நாள், ஜெர்மனி பதினெட்டு நாள், சூரிக் ஐந்து நாள் என்றால் ஜெர்மனிதான். 'பிரான்ஸில் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறது' என்று அங்கே கொடுத்துவிட்டு நாட்களை மாற்றி எழுதும் யோசனையை ஏஜென்ட்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

ஷெங்கனுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், பிரிட்டனுக்கு 3 மாதம் முன்புதான் முடியும். ஆகவே முதலில் ஷெங்கன். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் பிரிட்டன். ஷெங்கன் முடிவு பொதுவாக 15 நாளில் வரும், 45 நாள்வரை இழுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. மே, ஜூனில் போகிறவர்கள் டிசம்பர், ஜனவரியிலேயே அப்பாயின்ட்மென்ட் தேடத் தொடங்கிவிட வேண்டும். கட்டணம் ஆளுக்கு 90 யூரோ; விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. கணவன் மனைவி என்றாலும் விண்ணப்பம் இரண்டு, காப்பீடு இரண்டு, விரல் ரேகை இருவருக்கும். பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு வெற்றுப் பக்கங்களுடன் இருக்க வேண்டும்.

அழைப்புக் கடிதம் விஷயத்தில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். ஜெர்மனியில் மகன் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி அனுப்பினால், செலவுக்கான பணத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும். அவரே செலவை ஏற்பதாக இருந்தால், ஊரிலுள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சம்பளச் சீட்டுகளோடு நேரில் போய், 29 யூரோ கட்டி, பொறுப்பேற்புப் பத்திரம் வாங்க வேண்டும். அதன் அசல் சென்னைக்கு வர வேண்டும். வாட்ஸ்அப் படம் உதவாது. அந்த அலுவலகங்களில் தேதி கிடைக்கவே பல வாரம் ஆகும் ஊர்கள் இருக்கின்றன. தாமதம் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்கும். பிரான்ஸில் இதே வேலையை நகராட்சி செய்கிறது. 30 யூரோ ஸ்டாம்ப், வீட்டின் அளவு, வருமானம் எல்லாம் பார்ப்பார்கள். தம்பதிக்கு ஒரே பத்திரம் போதும். ஐந்து நாளுக்கு இவ்வளவு அலைய வேண்டுமா என்று சித்தப்பா பையன் கேட்பார். லண்டனில் பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயிலில் ஏறுமுன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்திலேயே பிரெஞ்சுக் காவலர்கள் பாஸ்போர்ட் பார்க்கிறார்கள், எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்டால் காட்ட அதுதான் இருக்கும். அந்தப் பத்திரம், காப்பீடு, திரும்பும் டிக்கெட் மூன்றையும் கைப்பையில் வையுங்கள்.

பிரிட்டனுக்கு இப்படி அரசுப் படிவம் எதுவும் இல்லை. அழைப்பவரின் கடிதம், அவருடைய குடியிருப்பு ஆதாரம், உங்கள் ஓய்வூதியம், 6 மாத வங்கிக் கணக்கு போதும். விண்ணப்பிக்கிற வாரத்தில் பிள்ளைகள் திடீரென்று ஐந்து லட்சம் போட்டுக் கணக்கைக் கொழுக்க வைப்பதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். பணம் போட வேண்டுமென்றால், அது ஏன் வந்தது என்று கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

ஸ்டிக்கர் வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். தேதிகளுக்கு இடையே 45 நாள் இருக்கும், கீழே தங்கும் நாள் 30 என்று இருக்கும். 30 தான் கணக்கு. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் அதில் சேரும், லண்டனில் இருக்கும் நாட்கள் சேராது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முகப்படமும் விரல் ரேகையும் பதியும் முறை தொடங்கிவிட்டது, இனி நாட்களை எண்ணுவது கணினி. ஒருநாள் கூடினாலும் அடுத்த விசாவில் அது தெரியும்.

காப்பீட்டில் 30,000 யூரோ என்பது விசாவுக்கான குறைந்தபட்சத் தொகை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருப்பவர்கள் ஏற்கெனவே உள்ள நோய்க்கு என்ன தருவார்கள் என்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். லண்டன் நாட்களையும் சேர்த்து எடுங்கள். மாத்திரைகளை அட்டையோடு, மருத்துவர் சீட்டில் மருந்தின் மூலப்பெயர் எழுதி வாங்கிக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் போடவே கூடாது, அங்கே உறைந்துபோகலாம். முழங்கால் வலி என்றால் சக்கர நாற்காலியை 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

பெட்டியில் என்ன போவது என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பாலும் பால் பொருட்களும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை; நெய்யும் அதில் அடக்கம். இனிப்புப் பலகாரம் போகலாம். கருவாடு ஆளுக்கு 20 கிலோவரை போகலாம் என்பது பலருக்குத் தெரியாது (வாசத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு). பழம், காய், இலை எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்று வேண்டும். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் மட்டும் விதிவிலக்கு. மாம்பழம், முருங்கைக்காய், கறிவேப்பிலையை விட்டுவிடுங்கள்; பாரிஸில் லா சப்பல் பகுதித் தமிழ்க்கடைகளிலேயே வாங்கிக்கொள்ளலாம். கொப்பரையை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் அது. வழியில் துபாயில் இறங்கி யாரையாவது பார்ப்பதாக இருந்தால் கசகசா ஒரு சிட்டிகைகூட வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் வழக்கு. மகனுக்கு அலுமினிய இட்லிச் சட்டி வாங்குமுன் அடுப்பு இன்டக்‌ஷனா என்று கேளுங்கள்.

ஜெர்மனியில் முன்கூட்டியே எடுக்கும் மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான். ஆனால் ரயில்கள் தாமதமாகும், அதிலும் நீண்ட தூர ரயில்கள். ரயில் மாறும் இடத்தில் 40 நிமிடமாவது இடைவெளி வையுங்கள். சேருமிடத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் வேறு ரயிலில் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதம் என்றால் 25 சதவீதமும், இரண்டு மணி நேரம் என்றால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். ஜெர்மனியின் ஹாம் நகரில் காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது, 2002இல் குடமுழுக்கு கண்டது. பெட்டிகளோடு இறங்காதீர்கள், மகன் வீட்டிலிருந்து தனியாக ஒருநாள் போய்வாருங்கள்.

ஒரு வீட்டில் நான்கைந்து நாள் போதும், மகன் வீடு தவிர. அதிலும் சனி ஞாயிறு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒருமுறையாவது வருமாறு போடுங்கள், இல்லையென்றால் வேலைக்குப் போகிறவர்களின் பூட்டிய வீட்டில் நீங்கள் இருவரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தாளிக்கும்போது புகைமணி அடிக்கும், ஜன்னலைத் திறந்துவிட்டு எண்ணெயைக் காய வையுங்கள். ஜெர்மனியில் ஞாயிறு கடை இல்லை. சுவிஸ் அடுக்ககங்களில் துணி துவைக்கும் அறைக்கு முறை வைத்திருப்பார்கள், நண்பரின் முறைநாளைக் கேட்டுக்கொண்டு அழுக்குத் துணியைச் சேர்த்து வையுங்கள்.

கார்டு தேய்க்கும்போது 'ரூபாயிலா, யூரோவிலா' என்று இயந்திரம் கேட்டால் யூரோ, சூரிக்கில் ஃபிராங்க். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கடிப்பார்கள்.

ஜெர்மனியில் வாங்கிய பொருளுக்கு வரியைத் திரும்பப் பெற, அந்தப் பொருள் ஒன்றியத்தை விட்டு வெளியேறும் இடத்தில் சுங்க முத்திரை வேண்டும். சூரிக்குக்கு ரயிலில் போகிறவர்களுக்கு அந்த இடம் சுவிஸ் எல்லை, சூரிக் விமான நிலையம் இல்லை. முத்திரைக்காக எல்லையில் பெட்டிகளோடு இறங்கி அடுத்த ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும். நூறு யூரோ ஸ்வெட்டருக்கு அது தேவையா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.