இரண்டு தலைவர்கள், ஒரு பதிவேடு

அக்டோபர் 28, 2024, திங்கள்

வங்கியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இரு தரப்பும் தாங்கள்தான் நிர்வாகம் என்று எழுதிக் கொடுத்திருப்பதால், நீதிமன்ற உத்தரவு வரும்வரை கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாதாம். மொத்தமே மூன்று வரிதான். அதில் ஆசிரியர், ஆயா, காவலாளி எல்லோருடைய சம்பளமும் நின்றுபோனது. வியாழக்கிழமை தீபாவளி.

டெல்லியில் ஒரு சீக்கியக் கல்விச் சங்கம் நடத்தும் பள்ளியில் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பெயர் வேண்டாம். வழக்கு நடக்கிறது. அந்த உப்பைத் தின்றவள் நான். மதியம் ஆயா வந்து, "மேடம்ஜி, இந்த மாசம் எப்போ?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் விசாரிப்பது?

நவம்பர் 4

சண்டை ஜூலையில் தொடங்கியது. பொதுக்குழுவில் தலைவர் தேர்தல். கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இல்லை என்று சொல்லி ஒரு தரப்பு வெளியே போனது. மீதி இருந்தவர்கள் தேர்தலை நடத்தி முடித்தார்கள். வெளியே போனவர்கள் அடுத்த வாரம் வேறொரு மண்டபத்தில் கூடி இன்னொரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது இரண்டு தலைவர், இரண்டு செயலாளர், இரண்டு லெட்டர்பேட். ரப்பர் முத்திரை மட்டும் ஒன்று. அது என் பீரோவில் இருக்கிறது. இரண்டு தரப்பும் ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டார்கள், நான் கொடுக்கவில்லை.

சங்கங்களுக்கு இங்கே 1860-ஆம் வருடச் சட்டம்தான். பொதுக்குழு முடிந்த 14 நாளுக்குள் நிர்வாகிகள் பட்டியலைப் பதிவாளரிடம் தர வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. இரு தரப்பும் தந்துவிட்டன. பதிவாளர் அவற்றைக் கோப்பில் சேர்த்துக்கொள்வார், அவ்வளவுதான். எது சரியான பட்டியல் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அந்தச் சட்டம் அவருக்குத் தரவில்லை. அதனால்தான் இது போன்ற தகராறுகள் எல்லாம் சிவில் கோர்ட்டுக்குப் போய் வாய்தாவில் கிடக்கின்றன.

நவம்பர் 9, சனி

இன்று உறுப்பினர் பதிவேட்டை வெளியே எடுத்தேன். துணி பைண்டிங், ஓரமெல்லாம் கரையான் அரித்திருக்கிறது. சங்கத்தைத் தொடங்கியவர்கள் 1947-ல் ராவல்பிண்டியிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். முதல் நான்கு பக்கம் முழுவதும் உருது. அந்தத் தலைமுறைக்குப் பள்ளிக்கூட எழுத்து அதுதான். இப்போது அலுவலகத்தில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அதனால் அந்த நான்கு பக்கத்துக்கு ஆளாளுக்கு ஒரு பொருள் சொல்கிறார்கள்.

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கொள்ளுத்தாத்தாவுக்கு உருது தெரியும் என்று கேள்விப்பட்டு அவரை வரச் சொல்லியிருந்தேன். எண்பத்தெட்டு வயது. விரலை வலமிருந்து இடமாக மெல்ல நகர்த்தி ஒவ்வொரு பெயராகப் படித்தார், நான் எழுதிக்கொண்டேன். மூன்றாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. "இது என் மாமா, பேட்டா" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் படிக்கவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

வழக்கின் உயிர்நாடி இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது. பிந்தைய பக்கங்களில் பல வரிகளில் வெள்ளைத் திரவம் பூசி, அதன் மேல் பால்பாயின்ட் பேனாவால் வேறு பெயர் எழுதியிருக்கிறார்கள். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அடியில் அப்பாவின் பெயர் தெரிகிறது. மேலே இருப்பது மகனின் பெயர். ஆயுள் உறுப்பினர் என்றால் அவர் ஆயுள் வரைக்கும்தான். வீடும் நிலமும் போல மகனுக்கு இறங்க எங்கள் விதிகளில் இடமில்லை. ஆனால் ஜூலையில் அந்த மகன்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்களைச் சேர்த்து எண்ணினால் கோரம் உண்டு, கழித்தால் இல்லை.

தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே பட்டியலைப் பலகையில் ஒட்டி, ஆட்சேபம் கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நவம்பர் 15, குருபரப்

குரு நானக் பிறந்தநாள். பள்ளி மண்டபத்தில் லங்கர், எல்லோரும் சமமாக உட்கார்ந்து சாப்பிடும் பொது விருந்து. நான் ரொட்டி தேய்க்கும் பக்கம் உட்கார்ந்தேன். கோர்ட்டில் எதிரெதிராக நிற்கிறவர்கள் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒரு தரப்பின் செயலாளர் பருப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறு தரப்புத் தலைவர் தலையைக் குனிந்தபடி கிண்ணத்தை நீட்டினார். பேச்சில்லை. ஆனால் பருப்பு விழுந்தது.

சாப்பிட்டு முடித்ததும் பஞ்சாபி ஆசிரியர் வருத்தமாகப் பேசினார். பெரிய அமைப்புகளிலும் இதே கதைதான் என்றார். டெல்லி குருத்வாராக்களை நிர்வகிக்கும் கமிட்டிக்கு 2021 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. பஞ்சாபி பாக் தொகுதியில் தோற்ற அப்போதைய கமிட்டித் தலைவர் மன்ஜிந்தர் சிங் சிர்சாவை, பஞ்சாப் குருத்வாராக்களை நிர்வகிக்கும் அமிர்தசரஸ் கமிட்டி, டெல்லி கமிட்டியில் தன் பிரதிநிதியாக நியமித்தது. டெல்லி கமிட்டிக்கான 1971 சட்டப்படி உறுப்பினருக்குப் பஞ்சாபி எழுத்தான குருமுகி எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தேர்தல் இயக்குநர் சோதனை வைத்துத் தகுதியில்லை என்றார், விஷயம் உயர் நீதிமன்றம் போனது. அந்த அமிர்தசரஸ் கமிட்டிக்கே 2011-க்குப் பிறகு பொதுத் தேர்தல் நடக்கவில்லை. சீக்கிய நெறிகளை முழுதாக ஏற்காத சஹஜ்தாரிகளுக்கு ஓட்டு உண்டா என்ற வழக்கில் சிக்கி, 2016-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அந்த 2011 சபை நடமாடத் தொடங்கியது.

எல்லாமே கடைசியில் யார் உறுப்பினர், யாருக்கு ஓட்டு என்ற ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது.

நவம்பர் 19

புகைமூட்டம். பள்ளியில் எல்லா வகுப்பும் ஆன்லைன். மாதக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள்தான், அக்டோபர் சம்பளமே வரவில்லை. இரண்டு ஆசிரியைகள் வேறு வேலை தேடுவதாகச் சொன்னார்கள்.

நவம்பர் 22

தீஸ் ஹசாரி கோர்ட்டுக்குப் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். நீதிபதி தாமாகவே தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வக்கீல்கள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

உத்தரவு: இரு தலைவர்களும் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மேற்பார்வையில் புதிய தேர்தல். அதுவரை பள்ளி முதல்வரும் அந்த ஓய்வுபெற்ற நீதிபதியும் சேர்ந்து கையெழுத்திட்டுச் சம்பளம் தரலாம். வாக்காளர் பட்டியலுக்குப் பதிவேட்டோடு சந்தா ரசீதுகளையும் தர வேண்டும். சங்கங்கள் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்தவர் ஓட்டுப் போட முடியாது. அதற்காகத்தான் ரசீது.

டிசம்பர் 6

ரசீதுப் புத்தகங்கள் மூன்று டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. தூசியில் மூக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். 1953-ஆம் வருடக் கட்டில் அந்தத் தாத்தாவின் மாமா பெயருக்கு ஒரு ரசீது கிடைத்தது. ஐந்து ரூபாய், உருதுக் கையெழுத்து. பெயரை ஒப்பிட்டுப் பார்க்க என் குறிப்பேடே போதுமாக இருந்தது. அவருக்கு ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

நாலு மணிக்கு ஆயா வந்து கைபேசியை நீட்டினார். வங்கியின் குறுஞ்செய்தி. இரண்டு மாதச் சம்பளமும் ஏறியிருந்தது. தொகையைச் சத்தமாகப் படித்துச் சொன்னேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

நாளை 1998-லிருந்து தொடங்க வேண்டும்.