தடைக்கால நாட்குறிப்பு: தம்பியும் பேச்சு வைத்தியமும்

ஏப்ரல் 15

இன்னையிலருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது. பாம்பன்லயும் ராமேஸ்வரத்துலயும் போட்டெல்லாம் வரிசையா கட்டிக் கெடக்கு. வேலையுமில்லாம வருமானமுமில்லாம இருக்குற இந்த ரெண்டு மாசத்துலதான் எங்க தங்கச்சிமடத்துல பல வீட்ல குடி முத்திப்போகும். தம்பிய இன்னைக்கு ராமநாதபுரத்துல ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. மதினி அழுததுக்காகத்தான் வந்தான், மனசார வந்தான்னு சொல்ல மாட்டேன்.

"விடணும்னு நெனச்சா வீட்லயே விட்டுற வேண்டியதுதானே"ன்னு பெரியம்மா கேட்டாங்க. வருஷக்கணக்கா தெனமும் குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்துனா தாங்காது. கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், தூக்கம் வராது, சில பேருக்கு ஃபிட்ஸ் வரும், ரெண்டு மூணு நாள்ல இல்லாத ஆள் எதிர்ல நிக்கிற மாதிரி பொலம்புவாங்க, உயிரே போகலாம். அதனால மொதல்ல மருந்து, பி1 சத்து ஊசி, டாக்டர் கண்ணு முன்னாடி இருக்கணும். பேச்செல்லாம் அதுக்கப்புறம்தான்.

ஏப்ரல் 24

இன்னைக்குத்தான் கவுன்சிலிங் மேடம் பேசுனாங்க. தம்பி சரின்னு சொன்னதால நானும் உள்ள உக்காந்தேன். வழக்கமா ஊர்ல எல்லாரும் சொல்றதத்தான் இவங்களும் சொல்லப்போறாங்க, பிள்ளைங்கள நெனச்சுப் பாரு, ஈரல் கெட்டுரும்னு, அப்படின்னு நெனச்சு அவன் தலைய குனிஞ்சு ரெடியா உக்காந்திருந்தான். மேடம் கேட்ட மொத கேள்வி, "குடிக்கிறதுல உங்களுக்குப் புடிச்சது என்ன தம்பி?"

அவன் நிமிந்து பாத்தான். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வாயத் தெறந்தான். வலை இழுத்த தோள்வலி தெரியாது, ராத்திரி தூக்கம் வரும், அந்த நேரத்துக்கு கடன் ஞாபகம் வராதுன்னான். அவங்க குறுக்கப் பேசவே இல்ல. அப்புறம், "விடணும்ங்குற எண்ணம் 0லருந்து 10க்குள்ள எவ்வளவு இருக்கு?" 3ன்னான். "ஏன் 0ன்னு சொல்லல, 3 எங்கருந்து வந்துச்சு?"ன்னு கேட்டாங்க பாருங்க, அதுக்கு அவன் வாயாலயே காரணத்த சொல்ல ஆரம்பிச்சான். சின்னவ இவன் வாடை புடிக்காம மூக்க பொத்திக்கிட்டு அங்கிட்டு போயிர்றாளாம். எங்க யார்கிட்டயும் அவன் இத சொன்னதில்ல.

இதுக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்னு பேராம். 1983ல வில்லியம் மில்லர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட், குடிப் பிரச்சனை உள்ளவங்கள வச்சே எழுதி ஆரம்பிச்சது. எதுத்து வாதாடுனா அவன் குடிக்கு சார்பா வாதாடுவான், கேட்டுவிட்டா விடுறதுக்கு அவனே காரணம் சொல்லுவான், அடிப்படை அதுதான். எனக்கு இது ரொம்பப் பெரிய விஷயமா படுது. இத்தன வருஷம் அவனுக்கு புத்திமதிக்கு குறைச்சலே இல்ல, கேக்கத்தான் ஆள் இல்ல.

மே 4

வீட்டுக்கு வந்துட்டான், வாரம் ஒருக்கா போயிட்டு வர்றோம். இப்ப நடக்குறது சிபிடி, அதாவது காக்னிட்டிவ் பிஹேவியர் தெரபி, நெனப்பையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு வைத்தியம். 1960கள்ல ஆரோன் பெக்னு ஒரு டாக்டர் மனச்சோர்வுக்கு கண்டுபுடிச்ச முறை, பிறகு குடி, பதட்டம் எல்லாத்துக்கும் வந்துருச்சு. ஒரு நாப்பது பக்க நோட்டுல கட்டம் போட்டுக் குடுத்திருக்காங்க: எப்ப, எங்க, மனசுல என்ன ஓடுச்சு, என்ன செஞ்சேன். எட்டாவதோட நின்ன பையன், எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதுறான். நேத்து எழுதுனத காட்டுனான். "சாயங்காலம் 6 மணி. ஓனர் அட்வான்ஸ கேட்டாரு. நான் எதுக்கும் லாயக்கில்ல. கடைப்பக்கம் நடந்தேன்."

மேடம் 'எதுக்கும் லாயக்கில்ல'ங்குறத மட்டும் கோடு போட்டு, இதுக்கு என்ன ஆதாரம், இதுக்கு எதிரா என்ன ஆதாரம்னு ரெண்டு பக்கமும் எழுதச் சொன்னாங்க. எதிர்ப்பக்கத்துல அவன் எழுதுனது: எஞ்சின் ரிப்பேர்னா கரையில என்னயத்தான் கூப்புடுவாங்க. சும்மா தைரியம் சொல்றதுக்கும் இதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு, நீ நல்லவன்டான்னு நாம நூறு தடவ சொன்னாலும் அவன் நம்ப மாட்டான், அவன் கையெழுத்துல இருந்தா நம்புறான்.

இன்னொண்ணு, குடிக்கணும்னு வெறி வர்றப்ப அத எதுத்து சண்டபோடாம, ஒரு அலை மாதிரி ஏறி உச்சிக்குப் போயி எறங்குறத கவனிச்சுக்கிட்டே இருக்கணுமாம், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ள எறங்கிருமாம். ஆலன் மார்லட்னு ஒருத்தர் சொன்னது. தம்பிக்கு இத வெளக்க வேண்டியதே இல்ல, ஒடனே புரிஞ்சிருச்சு.

மே 12

ராத்திரி கத்தி எந்திரிச்சுட்டான்னு மதினி சொல்லுச்சு. இலங்கை நேவி புடிச்சு உள்ள இருந்துட்டு வந்தப்பறம் வர்ற கனவு இது. தூங்குறதுக்குன்னு குடிச்சது, அந்தக் குடியே பாதி ராத்திரியில தூக்கத்த கெடுக்கும்னு டாக்டர் சொன்னாரு. பயங்கரமான அனுபவத்துக்குன்னே தனி பேச்சு வைத்தியம் இருக்கு, நடந்தத கொஞ்சங்கொஞ்சமா, பாதுகாப்பா சொல்ல வைக்கிறது. அவன் தயார்னு சொன்னப்பறம் ஆரம்பிப்பாங்க. கரையில எத்தன பேரு இப்படி வந்திருக்காங்க, போட்டுக்கு நிவாரணம் கேக்குறோம், தூக்கத்துக்கு யாரும் கேக்கல.

மே 21

ஏஏ கூட்டத்துக்குப் போனான், குடிய விட நெனக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் தொணையா இருக்குற கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935ல அமெரிக்காவுல ஏக்ரன்ங்குற ஊர்ல ஒரு பங்குத்தரகரும் ஒரு டாக்டரும், ரெண்டு பேருமே குடிநோயாளிங்க, சேந்து ஆரம்பிச்சது. இங்க டாக்டர் கெடையாது, பீஸ் கெடையாது, ஊரு சாதி கேக்குறதில்ல. தம்பி வந்து சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "அக்கா, அங்க யாரும் என்னய பாவமா பாக்கல."

மே 30

பக்கத்து வீட்டு அத்தை மகளுக்கு மனசு சரியில்ல, ஏர்வாடி தர்காவுல கொண்டுபோயி விட்ரலாம்னு பேச்சு நடக்குது. 2001 ஆகஸ்ட் 6 காலையில அங்க மனநோயாளிங்கள வச்சிருந்த கீத்துக் கொட்டகை தீப்புடிச்சப்ப சங்கிலியில கட்டியிருந்ததால ஓட முடியாம 28 பேரு செத்தத நம்ம மாவட்டத்து ஆளுங்க மறக்கவே கூடாது. இப்ப 2017 மனநல சட்டப்படி யாரையும் சங்கிலியில கட்டக்கூடாது. தர்காவுல துவாவோட டாக்டர் பாத்து மருந்து குடுக்குற ஏற்பாடும் வந்துச்சு, அது எனக்கு சரியாப் படுது, நம்பிக்கைய புடுங்க வேணாம். அத்தைகிட்ட அரசாங்கத்தோட மனநல உதவி போன், டெலிமானஸ் நம்பர் 14416 எழுதிக் குடுத்தேன், காசில்ல, தமிழ்லயே பேசலாம்.

ஜூன் 7

ஒரு கல்யாண வீட்ல தம்பி குடிச்சுட்டான். மறுநாள் நோட்ட தூக்கிப் போட்டுட்டு "எல்லாம் போச்சு"ன்னு படுத்துட்டான். மேடம் கூப்புட்டு வரச்சொல்லி திட்டவே இல்ல. ஒரு தடவ சறுக்குறது வேற, பழையபடி விழுறது வேற, 'எல்லாம் போச்சு'ங்குற அந்த நெனப்புதான் அடுத்த பாட்டிலுக்கு கூட்டிட்டுப் போகும்னாங்க. யாரு கிளாஸ நீட்டுனா, அப்ப என்ன பதில் சொல்லலாம்னு நடிச்சே பழக வச்சாங்க. மதினிக்கும் தனியா பேசுனாங்க. போதையில இருக்குறப்ப சண்டை வேணாம், தெளிஞ்ச நேரத்துல கூட உக்காந்து சாப்புடுங்க, அடிச்சா பிள்ளைங்கள கூட்டிட்டு ஒடனே வெளிய வந்துருங்கன்னு. மதினி அங்க அழுத அழுகை, அதுக்கும் ஒரு ரூம் வேணும்ல.

ஜூன் 13

நாளையோட தடை முடியுது. ஐஸ், டீசல், வலைன்னு கரையே பரபரப்பா இருக்கு. தம்பி குடிக்கிற கூட்டாளிங்க இருக்குற போட்ட விட்டுட்டு வேற போட்டுக்கு பேசிட்டான். கரைக்கு வந்ததும் பங்குக் காச மதினி கையில குடுத்துரச் சொல்லி புது ஓனர்கிட்ட அவனே சொன்னான். எண்ணம் இப்ப எவ்வளவுன்னு மேடம் கேட்டதுக்கு 7ன்னு சொன்னானாம். கவுன்சிலிங் இதுவரைக்கும் புதன்கெழமை, அன்னைக்கு கடலுக்குப் போற நாளுங்குறதால வெள்ளிக்கு மாத்திக் கேட்டிருக்கோம், திங்கக்கெழமை போன் பண்ணி சொல்றேன்னாங்க.