தழலில் சுட்ட அடையும் தண்ணீரும்

"விசுவாசம் இருந்தால் பயம் வராது" என்று யாராவது சொன்னால், வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசிதான், அடுத்த அதிகாரத்திலேயே ராணி யேசபேலின் கொலைமிரட்டலுக்குப் பயந்து ஓடுகிறார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியே வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார்.

தேவன் அவரைக் கடிந்துகொள்ளவே இல்லை. தூதன் ஒருவன் தட்டி எழுப்பியபோது, தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், திரும்பப் படுத்துவிட்டார். தூதன் இரண்டாம் முறை தட்டி எழுப்பியதும் சாப்பிடச் சொல்லத்தான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்தான் வருகிறது.

ஸ்கேன் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் இரவிலும் இந்த வரிசை உதவும். முதலில் கொஞ்சமாவது சாப்பிடுங்கள். பிறகு பயத்தைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். "எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்று பொதுவாகச் சொன்னால் மனம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்; "இது கேன்சராக இருக்குமோ என்று பயப்படுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும் தப்பில்லை. எலியா 10-ஆம் வசனத்தில் சொன்ன முறையீட்டையேதான் 14-லும் சொல்கிறார்.

நீண்ட ஜெபம் வராதபோது சங்கீதம் 56:3 போதும். "நான் பயப்படுகிற நாளில்" என்று மூச்சை இழுத்து, "உம்மை நம்புவேன்" என்று விடுங்கள். அவசரப்படாமல் பத்து முறை. பயப்படுகிற நாள் உண்டு என்பதை அந்த வசனமே ஒத்துக்கொள்கிறது, அதனால்தான் அது நடுக்கத்திலும் நாவில் நிற்கிறது.

பலர் தடுமாறுவது, கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்ளும்போது. நியாயத்தீர்ப்பு வசனம் ஒன்று வந்துவிட்டால் அந்த இரவே போய்விடும். நாளுக்கு ஒரு சங்கீதத்தை முழுதாக வாசிப்பதே நல்லது. பல நாளாகத் தூக்கமே இல்லையென்றால், சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், உடனே டாக்டரிடம் போங்கள். அது அவிசுவாசம் ஆகாது.

"நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்ற எலியாவுக்குக் கர்த்தர் கடைசியில் கொடுத்தது செய்யவேண்டிய வேலையும், பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் உண்டு என்ற செய்தியும், கூட நடக்க எலிசா என்ற சீஷனும். ஆகவே ஒருவருக்காவது போன் போட்டுச் சொல்லுங்கள். பயத்தில் இருப்பவரைப் பார்க்கப் போகிறவர்கள், வாக்குத்தத்த வசனத்தை எடுக்கும் முன் சாப்பாட்டுக் கேரியரை எடுத்துப் போங்கள்.